அட்ரினலின் 1 மில்லிகிராம்: பாராமெடிக்-2 ஆய்வை எண்களோடு வாசித்தல்

ஆம்புலன்ஸ் மருந்துப் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று தேடினால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பட்டியல்தான் கிடைக்கிறது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின், நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் நைட்ரோகிளிசரின், சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ், வலிப்புக்கு மிடாசோலம், இழுப்புக்கு சால்பியூட்டமால், ஹெராயின் மாதிரி ஓபியாய்டு அளவு மீறினால் நாலாக்ஸோன், ரத்தப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலம், இதயம் நின்றுவிட்டால் அட்ரினலின். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு வரிப் பயன். படிச்சா எல்லாமே ஒரே உறுதியோடு வேலை செய்கிற மருந்துகள் போலத் தெரியும். இந்தப் பட்டியல்களோடு எனக்குள்ள சண்டையே அதுதான்.

ஒரே பெட்டியில் இருந்தாலும் இந்த மருந்துகளுக்குப் பின்னால் உள்ள ஆதாரம் ஒரே எடை கொண்டதல்ல. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் வெளியான ஐஎஸ்ஐஎஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள்; ஆஸ்பிரின் கொடுத்ததால் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாள மரணம் 23% குறைந்தது. வலிப்பு நிற்காதவர்களுக்குத் தசையில் போடும் மிடாசோலம் ஊசியை 2012-இல் ராம்பார்ட் என்ற ஆய்வு ஆம்புலன்ஸிலேயே சோதித்தது. மருத்துவமனைக்கு வந்து சேரும்போது 73.4% பேருக்கு வலிப்பு நின்றிருந்தது; நரம்பில் லோராசெபாம் பெற்றவர்களில் 63.4%. குளுக்கோஸுக்கு ஆய்வே வேண்டாம், கண் முன்னாலேயே ஆள் விழித்துக்கொள்வார்.

அட்ரினலின் கதை வேறு. இதயம் நின்றவர்களுக்கு அதைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். அது உண்மையில் உயிர் காக்கிறதா என்று பெரிய அளவில் பிளாசிபோ வைத்துச் சோதித்த முடிவு வெளியானது 2018-இல்தான். பிரிட்டனில் நடந்த அந்த ஆய்வின் பெயர் பாராமெடிக்-2. இந்தப் பதிவு அந்த ஆய்வைப் பற்றிய விமர்சனம். அதோடு அதை வாசித்தவர்கள் பற்றிய விமர்சனமும். நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு எண்ணைப் பார்த்தால் அதன் கீழே உள்ள வகுக்கும் எண் என்ன என்று கேட்கிற பழக்கம் தொழிலிலேயே வந்துவிட்டது. இங்கே அது போதும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு தெளிவுகள். ஒன்று, மாரடைப்பும் கார்டியாக் அரெஸ்ட்டும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் அடைபடுகிறது. ஆள் பேசிக்கொண்டேகூட இருக்கலாம். கார்டியாக் அரெஸ்ட்டில் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது, நினைவு போய்விடும், மூச்சும் நின்றுவிடும். இரண்டு, அட்ரினலினுக்கு வேறொரு வேலையும் உண்டு. வேர்க்கடலை, தேனீக்கடி, மருந்து என்று ஏதோ ஒன்றால் வரும் கடும் ஒவ்வாமைக்கு, அதாவது அனஃபிலாக்ஸிஸுக்கு, தொடைத் தசையில் போடும் அட்ரினலின்தான் முதல் மருந்து; பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கீழே நான் எழுதுவது எதையும் அந்த ஊசியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெட்டிக்குள் எப்படி வந்தது

ஜோக்கிச்சி தகாமினே அட்ரினலினைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1901-இல். அடுத்த ஐந்தாண்டுக்குள், 1906-இல், கிரைல், டாலி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதயம் நிறுத்தப்பட்ட நாய்களுக்கு அதைக் கொடுத்து மீட்டதை எழுதினார்கள். 1960-களில் ரெட்டிங், பியர்சன் இருவரும் மறுபடி நாய்களில் சோதித்தார்கள். அட்ரினலின் கொடுத்த நாய்கள் பிழைத்தன. 1974-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதலில் அது இருந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க அதே வழக்கம்: பெரியவர் என்றால் 1 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. 45 கிலோ பாட்டிக்கும் 100 கிலோ ஆளுக்கும் அதே 1 மில்லிகிராம்தான்.

கோட்பாடு நன்றாகவே இருக்கிறது. அட்ரினலின் கை, கால், வயிறு ஆகியவற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மகாதமனியில் அழுத்தம் ஏறி, இதயத் தசைக்குள் போகும் ரத்தம் கூடுகிறது. நின்ற இதயம் மறுபடி ஓட அதுதான் தேவை. ஆனால் அதே சுருக்கும் வேலை மூளையின் நுண்குழாய்களிலும் நடக்கலாம். பன்றிகளில் செய்த சோதனைகளில் மூளைத் திசுவின் நுண்ணிய ரத்த ஓட்டம் குறைவது தெரிந்தது. போதாததற்கு, இந்த மருந்து இதயத்தின் ஆக்சிஜன் தேவையையும் ஏற்றிவிடுகிறது. ஆக, ஒரு உறுப்புக்குச் செய்யும் உதவி இன்னொன்றின் கணக்கில் செலவாக எழுதப்படலாம் என்ற சந்தேகம் பழையது.

"1 போதலைன்னா 5 கொடுத்துப் பார்ப்போமே" என்றும் முயன்றார்கள். 1998-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 3,327 பேர். 5 மில்லிகிராம் பெற்றவர்களில் 40.4% பேருக்குத் துடிப்பு திரும்பியது. 1 மில்லிகிராமில் 36.4%. ஆனால் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் 2.3%, 2.8%. துடிப்பு கூடியது, ஆள் கூடவில்லை. அப்போதே மணி அடித்திருக்க வேண்டும்.

2009-இல் ஆஸ்லோவில் 851 பேரை வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினால் எப்படி, ஏற்றாவிட்டால் எப்படி என்று பார்த்தார்கள். உயிரோடு வீடு போனவர்கள் 10.5%, 9.2%, வேறுபாடு தற்செயல் எல்லைக்குள்தான். 2011-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிளாசிபோ ஆய்வு. சுமார் 5,000 பேரைச் சேர்க்கத் திட்டம். மருந்து கொடுக்காமல் விடுவது அறமா என்ற எதிர்ப்பில் மற்ற ஆம்புலன்ஸ் சேவைகள் விலகிக்கொள்ள, 534 பேரோடு முடிந்தது. 2012-இல் ஜப்பானிலிருந்து 4,17,188 பேரின் பதிவேட்டுத் தரவு வந்தது. அதில் அட்ரினலின் பெற்றவர்களுக்குத் துடிப்பு அதிகம் திரும்பியது, ஆனால் ஒரு மாதம் கழித்து நிலைமை மோசம். எண்ணிக்கை பிரமாண்டம்தான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கு. இரண்டே நிமிடத்தில் மீண்டவருக்கு மருந்தே தேவைப்படாது. நீண்ட நேரம் மீளாதவருக்குத்தான் மருந்து போகும். அப்புறம் "மருந்து பெற்றவர்கள் மோசம்" என்று வருவதில் என்ன ஆச்சரியம்? இந்த ஓட்டையைக் குலுக்கல் முறை மட்டுமே அடைக்கும். அதைச் செய்ததுதான் பாராமெடிக்-2.

என்ன செய்தார்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளைச் சேர்ந்த ஐந்து ஆம்புலன்ஸ் அமைப்புகள். 2014 டிசம்பர் முதல் 2017 அக்டோபர் வரை 8,014 நோயாளிகள். ஒரே மாதிரித் தோற்றமுள்ள ஊசிப் பொதிகள். சிலவற்றில் அட்ரினலின், சிலவற்றில் வெறும் உப்புநீர். எது எது என்று பாராமெடிக்குக்கும் தெரியாது. மற்ற எல்லா சிகிச்சையும் வழக்கம்போல.

நினைவிழந்து கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆகவே முன்சம்மதம் இல்லாமலேயே நடத்த அனுமதி வாங்கினார்கள். வேண்டாம் என்பவர்கள் கேட்டு வாங்கி அணிந்துகொள்ள "ஆய்வு வேண்டாம்" என்று பொறித்த எஃகு வளையம் ஒன்று இருந்தது. பிழைத்தவர்களிடம் பிற்பாடு சம்மதம் கேட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய்ச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். இதை அப்போதே பலர் கண்டித்தார்கள். என் பார்வையில், தேடிப்போய்ச் சொல்லாதது குறைதான். ஆனால் ஆய்வையே நடத்தாமல், பயன் தெரியாத ஒரு மருந்தை ஆண்டாண்டுக்கும் எல்லோருக்கும் ஏற்றிக்கொண்டிருப்பதும் சம்மதம் வாங்காத பரிசோதனைதான். அதில் கணக்குப் புத்தகம்கூடக் கிடையாது.

என்ன கிடைத்தது

துடிப்பு திரும்பியவர்கள்: அட்ரினலின் 36.3%, உப்புநீர் 11.7%.
30 நாளில் உயிரோடு இருந்தவர்கள்: 3.2%, 2.4%.
மருத்துவமனையை விட்டு ஓரளவு நல்ல நரம்பியல் நிலையில் வெளியேறியவர்கள்: 2.2%, 1.9%.
பிழைத்தவர்களுக்குள் கடும் நரம்பியல் பாதிப்பு உள்ளவர்கள்: 31.0%, 17.8%.

முதல் வரியில் மும்மடங்கு. இரண்டாம் வரியில் சின்ன லாபம், ஆனால் புள்ளியியல்படி உண்மையான லாபம். மூன்றாம் வரியில் உறுதியாகச் சொல்ல முடியாத வேறுபாடு. நான்காம் வரியில் திடுக்கிட வைக்கும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஊடகங்கள் பிடித்துக்கொண்டது நான்காம் வரியைத்தான். "அட்ரினலின் மூளையைக் கெடுக்கிறது" என்ற வாக்கியம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

சர்வர் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த அட்டவணை பழகிய முகம். பிங் அடிச்சா பதில் வருது, ஆனா அப்ளிகேஷன் எழும்பல. துடிப்பு என்பது பிங். அது ஆம்புலன்ஸிலேயே தெரிந்துவிடும் என்பதால் பல பத்தாண்டுகளாக அதையே வெற்றி என்று எண்ணி வந்தோம்.

விமர்சனம் ஒன்று: நான்காம் வரியின் வகுக்கும் எண்

31.0% என்பது 126 பேரில் 39 பேர். 17.8% என்பது 90 பேரில் 16 பேர். இரண்டு வகுக்கும் எண்களும் பிழைத்தவர்கள் மட்டுமே. யார் பிழைப்பார் என்பதையே மருந்து மாற்றியிருக்கும்போது, பிழைத்தவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுவது குலுக்கல் தந்த நியாயத்தைக் கைவிடுவதாகும்.

வகுக்காமல் வெறும் ஆட்களாக எண்ணிப் பாருங்கள். இரு குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 4,000 பேர் சுமார். அட்ரினலின் குழுவில் நிலை தெரிந்த 126 பேரில் கடும் பாதிப்பு 39, ஓரளவு நல்ல நிலை 87. உப்புநீர்க் குழுவில் 90 பேரில் கடும் பாதிப்பு 16, நல்ல நிலை 74. அட்ரினலின் பக்கம் கூடுதலாக இருப்பது 36 பேர். அதில் நல்ல நிலை 13, கடும் பாதிப்பு 23.

நல்ல நிலையில் வெளியேறியவர்கள் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். "உப்புநீர் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருப்பார், அட்ரினலின் கெடுத்துவிட்டது" என்று இந்த எண்கள் சொல்லவில்லை. உப்புநீர் பெற்றிருந்தால் இறந்திருக்கக்கூடிய சிலர் உயிரோடு நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களில் பெரும்பகுதி கடுமையான பாதிப்போடு. கேள்வி மருந்தியலிலிருந்து நகர்ந்து, எதை உயிர்பிழைத்தல் என்கிறோம் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. அந்த 13-ஐயும் உறுதியான லாபம் என்று எடுத்துக்கொள்ள முடியாது; 87-க்கும் 74-க்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததிலும் 2.1%, 1.6%, இடைவெளி சற்று விரிந்தது, உறுதி வரவில்லை.

விமர்சனம் இரண்டு: எதை அளந்தார்கள்

ஆய்வு தொடங்கும் முன் ஆய்வாளர்கள் நோயாளிகளிடமும் பொதுமக்களிடமும் பேசியிருக்கிறார்கள். வெறுமனே உயிரோடு இருப்பதைவிட, மூளை நல்ல நிலையில் இருக்கப் பிழைப்பதே முக்கியம் என்று அவர்கள் சொன்னதாக ஆய்வுக் கட்டுரையே எழுதுகிறது. அப்படியிருந்தும் முதன்மை அளவாக வைத்தது 30 நாள் உயிர்பிழைப்பை. காரணம் புரிகிறது. நல்ல நிலையில் பிழைப்பது அரிது. அதில் சிறு வேறுபாட்டைப் பிடிக்க 8,000 பேர் போதாது, பல மடங்கு வேண்டும். ஆனாலும் மக்களைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதை இரண்டாம் இடத்தில் வைத்ததால், "ஆய்வு வெற்றி" என்றும் "ஆய்வு தோல்வி" என்றும் ஆளுக்கொன்று சொல்ல இடமாகிவிட்டது.

"நல்ல நிலை" என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். அளவுகோல் 0 முதல் 6 வரை. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். 0 முதல் 3 வரை "நல்லது" என்று எண்ணினார்கள். 3 என்பது, தானே நடப்பார், ஆனால் அன்றாட வேலைகளில் சிலவற்றுக்கு மற்றவர் உதவி வேண்டும் என்ற நிலை. 4-இல் உதவியில்லாமல் நடக்க முடியாது, உடல் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. 5 என்றால் படுத்த படுக்கை. 3-ஐ நல்லது என்பது வீட்டில் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு குடும்பத்துக்கு அது வரம். வேலைக்குப் போய்த்தான் ஆகணும் என்ற இன்னொரு குடும்பத்தில் ஒருவருடைய சம்பளமே நின்றுபோகும்.

விமர்சனம் மூன்று: கடிகாரம்

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான எண் அட்ரினலின் எண்ணே அல்ல. அவசர அழைப்பிலிருந்து ஆம்புலன்ஸ் வர இடைநிலை நேரம் 6.6 நிமிடம். அங்கிருந்து ஊசி உள்ளே போக மேலும் 13.8 நிமிடம். கூட்டினால் சுமார் 20 நிமிடம். ஆம்புலன்ஸ் தாமதம் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வந்தவுடன் நெஞ்சை அமுக்க வேண்டும், டீஃபிப்ரிலேட்டர் ஒட்ட வேண்டும், மூச்சுப்பாதை பார்க்க வேண்டும், நரம்பு கிடைக்க வேண்டும். அதெல்லாம் முடிந்துதான் மருந்து.

அப்படியென்றால் சோதிக்கப்பட்டது "அட்ரினலின்" அல்ல, "20 நிமிடம் கழித்துக் கொடுக்கும் அட்ரினலின்". நாய்களுக்குச் சில நிமிடங்களில் கொடுத்த மருந்தும் இதுவும் பெயரளவில் ஒன்று. மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்ற, மின்அதிர்ச்சிக்கு உட்படாத வகையைச் சேர்ந்த 25,095 பேரின் தரவு 2014-இல் வெளியானது. மருந்து எவ்வளவு முன்னதாகப் போனதோ அவ்வளவு அதிகம் பேர் பிழைத்தார்கள். அது குலுக்கல் ஆய்வல்ல என்பதால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பாராமெடிக்-2-இன் முடிவை ஐசியூ படுக்கைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கு அது போதும்.

இன்னொன்று: முதல் அமுக்கலிலோ முதல் ஷாக்கிலோ மீண்டவர்கள் இந்த 8,014 பேரில் இல்லவே இல்லை. "கார்டியாக் அரெஸ்ட் வந்தா 3% தான் பிழைப்பாங்க" என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொல்வது தவறு. அந்த 3% மற்ற வழிகளில் மீளாதவர்களுக்கான எண். 16 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், ஒவ்வாமையாலோ ஆஸ்துமாவாலோ இதயம் நின்றவர்கள் ஆகியோரையும் சேர்க்கவில்லை.

விமர்சனம் நான்கு: ஒரு அழகான, ஆனால் சமமற்ற ஒப்பீடு

கட்டுரையில் அதிகம் பரவிய பகுதி இதுதான். ஒரு உயிரைக் கூடுதலாகக் காக்க அட்ரினலின் 112 பேருக்குக் கொடுக்க வேண்டும். இதயம் நின்றதைச் சீக்கிரம் உணர்வதில் அந்த எண் 11, அருகில் இருப்பவர் சிபிஆர் செய்வதில் 15, சீக்கிரம் ஷாக் கொடுப்பதில் 5. சொல்ல வரும் பொருளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 112 குலுக்கல் போட்டுக் கிடைத்தது. மற்றவை அப்படிக் கிடைத்திருக்க வழியில்லை. சிபிஆர் செய்யாமல் விட்டுப் பார்ப்போம் என்று யாரும் குலுக்கல் போட முடியாது. ஷாக்குக்கு உகந்த துடிப்பில் இருப்பவர்கள் முதலிலேயே பிழைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். வெவ்வேறு தராசில் நிறுத்ததை ஒரே சீட்டில் எழுதியிருக்கிறார்கள். திசை சரி, துல்லியம் சந்தேகம்.

பிறகு என்ன ஆனது

மருந்தை நீக்கவில்லை. 2019-இல் சர்வதேசப் பரிந்துரைக் குழுவான இல்கோர் அட்ரினலினை வலுவாகவே பரிந்துரைத்தது. 2020 அமெரிக்க வழிகாட்டுதலிலும் 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலிலும் அதே 1 மில்லிகிராம், அதே மூன்று முதல் ஐந்து நிமிடம். மின்அதிர்ச்சிக்கு உட்படாத வகை என்றால் முடிந்தவரை சீக்கிரம். உட்படும் வகை என்றால் முதலில் ஷாக். இதை "ஆய்வையே மதிக்கவில்லை" என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உயிர்பிழைப்பு கூடியிருக்கிறது, நல்ல நிலை குறையவில்லை. இந்த நிலையில் மருந்தை எடுத்துவிடச் சொல்ல, அந்த 23 பேரின் வாழ்க்கை வாழத் தகுந்ததல்ல என்று நாம் அவர்களுக்காக முடிவு செய்ய வேண்டும். அதை அவரவரும் அவரவர் குடும்பமும் சொல்லலாம். ஒரு கமிட்டி சொல்லக் கூடாது.

பெட்டியிலிருந்து மருந்துகள் வெளியேறாமலும் இல்லை. துடிப்பே இல்லாத நிலைக்கு வழக்கமாகக் கொடுத்த அட்ரோபினை 2010 அமெரிக்க வழிகாட்டுதல் நீக்கிவிட்டது. அமியோடரோன், லிடோகெயின், பிளாசிபோ மூன்றையும் 2016-இல் 3,026 பேரில் ஒப்பிட்டபோது பிழைத்தவர்கள் 24.4%, 23.7%, 21.0%, ஒட்டுமொத்தமாகத் தெளிவான வெற்றியாளர் இல்லை. ஒரு வரிப் பட்டியல்கள் இந்த அசைவு எதையும் காட்டுவதில்லை.

நான் அந்தப் பட்டியலைத் திருத்தினால் அட்ரினலின் வரியை இப்படி எழுதுவேன்: "இதயம் நின்றவருக்குத் துடிப்பு திரும்பும் வாய்ப்பை மும்மடங்காக்கும். சுமார் 112 பேரில் ஒருவர் கூடுதலாகப் பிழைப்பார். அவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் வீடு திரும்புவாரா என்பது நிரூபிக்கப்படவில்லை. மருந்து உள்ளே போகச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதுவரை நெஞ்சை அமுக்க வேண்டியது பக்கத்தில் நிற்பவர்."

வரி கொஞ்சம் நீளம்தான். பெட்டியில் எழுதி ஒட்ட முடியாது. ஆனால் படிக்கிறவர் பாராமெடிக் அல்லவே, பக்கத்தில் நிற்கப்போகிறவர்தானே.